கயிற்றுக்கு அந்தப் பக்கம்

என் கணவர் முன்பின் தெரியாதவர்களிடம் சும்மா இருக்க மாட்டார். சிட்னியின் லிட்கம்மில் எங்கள் தெருமுனையில் முடி வெட்டும் லெபனான்காரரிடம், தான் ஓய்வுபெற்ற விமானி என்று ஒருநாள் சொல்லிவைத்தார். உண்மையில் அவர் தண்ணீர்ப் பம்புகளோடும் குழாய்களோடும் காலம் தள்ளிய பொறியாளர். அந்த லெபனான்காரர் ஊருக்குப் போகும்போதெல்லாம், விமானத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவாக இருக்கும் என்று இவரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடுவார். இவரும் கண்ணை மூடி யோசித்து, "இறக்கைக்கு மேலே" என்பார். இதற்காக யூடியூபில் விமானப் பாடங்கள் வேறு பார்க்கிறார். என் முகம் எதையும் மறைக்காது என்பதால் அந்தக் கடைக்கு நான் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அவர் யாழ்ப்பாணம், நான் மாயவரம். சிட்னியில் சந்தித்து, சிட்னியிலேயே கல்யாணம் செய்து, பிள்ளைகள் வளர்ந்து தனியாகப் போய்விட்ட பிறகும் அவர் 'ஓம்' என்பதும் நான் 'ஆமா' என்பதும் மாறவில்லை. சமையலறையை அவர் 'குசினி' என்று சொல்வதற்கு நான் சிரிப்பதை நிறுத்தினேன். என் 'போங்க, வாங்க'வுக்கு அவர் சிரிப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

இவருக்கு நேர் எதிர் இவருடைய அக்கா. எனக்கு மச்சாள். லண்டனுக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். நகரசபை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவர். பிறந்தநாள் கேக் நன்றாக இல்லையென்றால் வாயில் போட்ட உடனேயே சொல்லிவிடுவார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பைத்தியம், பழைய மாளிகைகள். இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் பிரபுக்கள் கட்டிய வீடுகள், அவற்றின் தோட்டங்கள், இடிந்த மடாலயங்கள், பாதிச் சுவர் மட்டும் நிற்கும் கோட்டைகள் எல்லாவற்றுக்கும் வருடச் சந்தா கட்டி வாரம் தவறாமல் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசினால், எந்த வீட்டின் கூரையை எந்தப் பிரபு மாற்றினார், அவர் எப்படிக் கடனாளியானார் என்பது வரை எங்களுக்கு வந்து சேரும். தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், "ஓம், சுகமா இருக்கினம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

போன வருடம் இவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் மச்சாளிடமிருந்து கட்டளை வந்தது. கோடைக்கு வாருங்கள், நான் எல்லாவற்றையும் காட்டுகிறேன். போனோம்.

'எல்லாவற்றையும்' என்று அவர் சொன்னது நிஜமாகவே எல்லாவற்றையும்தான் என்பது இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. மச்சாள் உடம்பில் பருத்திச் சேலை, அதற்கு மேல் முழங்கால் வரை மழைக்கோட்டு, காலில் வெள்ளை ஓட்டக் காலணி. கைப்பையில் வெந்நீர் பிளாஸ்க்கும் தட்டை வடையும். கார் ஏறினால் முழுப் பாதையும் வரலாறு. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கர்ப்பகிருகத்துக்கு முன்னால் நிற்பதுபோலக் குரல் இறங்கிவிடும். இவர் சத்தமாகத் தும்மினால்கூட, "தம்பி!" என்று ஓர் அதட்டல்.

எனக்குத் தோட்டங்கள் பிடித்திருந்தன. செடிகளைக் கோழி மாதிரியும் கூம்பு மாதிரியும் வெட்டி வைத்திருந்ததைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. எந்த இடத்திலும் தேநீர்க் கடை ஒன்று இருந்தது, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. இவருக்குத்தான் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒரு மடாலயத்தின் இடிபாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு இருந்தோம். கூரை இல்லை, ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை, சுவரில் முளைத்த செடி.

"அக்கா, கூரையில்லாத வீட்டைப் பாக்க இவ்வளவு தூரம் வரவேணுமே? எங்கட ஊரிலை குண்டு விழுந்து இப்பிடி எத்தினை வீடு கிடக்கு!"

மச்சாள் அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார். "கிடக்குதுதான். அதைச் சுத்திப் புல்லு வெட்டி, வாங்கு போட்டு, வாசல்லை ரிக்கற் குடுக்க ஆருமில்லை."

அதற்குப் பிறகு இவர் அங்கே போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும்தான்.

மாளிகைகளில் மச்சாளுக்கு ஒரே ஒரு வருத்தம் இருந்தது. ஒவ்வோர் அறையிலும் பித்தளைக் கம்பங்களுக்கு இடையே சிவப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். அதற்கு இந்தப் பக்கம்தான் நாம் நிற்கலாம். மச்சாள் கயிற்றில் வயிறு பட நின்று, கழுத்தை நீட்டி, மூலையிலிருக்கும் மேசையின் கால்களைப் பார்ப்பார். 'தனியார் பகுதி' என்று எழுதிய கதவுகளைக் கடக்கும்போது நடை தானாகவே மெதுவாகிவிடும். "உந்தக் கதவுக்குப் பின்னாலை என்ன இருக்குமெண்டு ஒருக்காப் பாத்திட்டால் போதும் பிள்ளை" என்று என்னிடம் ஒருநாள் இரகசியம் போலச் சொன்னார்.

அந்தக் குறிப்பிட்ட நாளில் காலையிலிருந்தே மழை. வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஆடுகள் மேயும் ஒரு சரிவில் இருந்தது அந்த வீடு. பெரிய அமைப்புகள் எடுத்து நடத்தும் வீடு இல்லை. பழைய குடும்பத்தின் கடைசி வாரிசான ஓர் அம்மாள் அதிலேயே குடியிருந்துகொண்டு, கோடையில் சில நாட்கள் மட்டும் திறந்துவிடுவாராம். மச்சாள் இதுவரை பார்க்காத வீடு. அதனால் அவர் முகத்தில் கல்யாணக் களை.

சாப்பாட்டு அறையில் அந்தப் படம் மாட்டியிருந்தது. ஆள் உயர எண்ணெய்ச் சித்திரம். நீல அங்கி அணிந்த ஓர் ஆண், காலடியில் நாய், பின்னால் இருண்ட மரங்கள். முகத்தில் முதலில் தெரிந்தது மூக்குதான். நீண்டு, நடுவில் ஒரு மேடு எழும்பி, நுனியில் கீழே வளைந்த மூக்கு. நான் நாள்தோறும் காப்பிக் கோப்பைக்கு மேலே பார்க்கிற அதே மூக்கு.

"என்னங்க, இந்த ஆளுக்கு உங்க மூக்கு!" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

இவர் படத்துக்கு நேரே நின்று பார்த்தார். பக்கவாட்டில் திரும்பி, கண்ணாடி அலமாரியில் தன் நிழலைப் பார்த்தார். அப்போது அந்த அறைக்குப் பொறுப்பாக மூலையில் உட்கார்ந்திருந்த முதியவர் எழுந்து வந்தார். கழுத்தில் அட்டை, காதில் கருவி, நல்ல சிரிப்பு. வயதான தொண்டர்கள்தான் அங்கே அறைக்கு ஒருவராக இருப்பார்கள்.

"படம் பிடித்திருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிடிக்காமல் இருக்குமா?" என்றார் இவர், விமானிக்கான அதே குரலில். "இவர் என் பாட்டனாரின் பாட்டனார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இலங்கையில், யாழ்ப்பாணத்தில், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு இந்த மூக்கு வந்துகொண்டேயிருக்கிறது."

முதியவர் படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அடக் கடவுளே!" என்றார்.

மச்சாளுக்குக் கோபத்தில் காது மடல் சிவந்துவிட்டது. முதியவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், முகத்தில் ஒரு மரியாதைச் சிரிப்பை வைத்துக்கொண்டு தமிழில் தொடங்கினார்.

"தம்பி, உனக்கென்ன விசரே? எங்கட பாட்டா சந்தையிலை சுருட்டு வித்தவர்! என்ன கதை கதைக்கிறாய்?"

"உங்கள் சகோதரி என்ன சொல்கிறார்?" என்று முதியவர் கவலையோடு கேட்டார்.

"உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்றார் இவர்.

வழக்கமாக இவருடைய கதைகள் அந்த இடத்தோடு முடிந்துவிடும். கேட்டவர் வியப்பார், நாங்கள் நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்த முதியவர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார். "மாடியில் அம்மாளிடம் சொல்லுங்கள். சாப்பாட்டு அறைக்கு உறவினர்கள் வந்திருக்கிறார்கள். ஆமாம், உறவினர்கள். இலங்கையிலிருந்து" என்றார்.

"ஆஸ்திரேலியாவிலிருந்து" என்று இவர் திருத்தினார். அந்த நேரத்திலும் துல்லியம்!

"வாங்க, ஓடிடலாம்" என்றேன் நான்.

"இஞ்சாரும், இப்ப ஓடினால் கள்ளர் எண்டு நினைப்பினம். பேசாமல் நில்லும்" என்றார் இவர்.

அதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கார அம்மாள் வந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். உயரமான, ஒல்லியான உடம்பு. முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே இவரிடம் வந்து, மோவாயைப் பிடித்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"எந்த ஊர் என்றீர்கள்?"

"யாழ்ப்பாணம்."

"அங்கே அவருக்கு என்ன உத்தியோகம்?"

"வரி வசூல்."

"அதற்கேற்ற முகம்தான்" என்றார் அம்மாள். மோவாயை விட்டார். "சொந்தக்காரர்கள் யாராவது வர மாட்டார்களா என்று நானும் பல வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தார் கயிற்றுக்கு வெளியே நிற்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கம்பத்திலிருந்து சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார்.

அப்போது நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து வைத்திருந்தவர், கழன்று தொங்கிய கயிற்றைப் பார்த்தார். அந்தப் பக்கம் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தார். மூலை மேசையைப் பார்த்தார். ஒரு நொடிதான். வெள்ளைக் காலணி கம்பளத்தில் பதிந்தது.

"ஓம்" என்றார். பிறகு ஆங்கிலத்தில், "எங்கள் அப்பாவுக்கும் இதே மூக்குத்தான்" என்றார்.

பொய்யில்லை. அப்பாவுக்கு அதே மூக்குதான். புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இவர் தன் அக்காவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, தன் கட்சிக்கு எதிர்க்கட்சித் தலைவரே வந்து சேர்ந்துவிட்டதைப் போல இருந்தது.

அம்மாள் எங்களை 'தனியார் பகுதி' கதவு வழியாக அழைத்துப்போனார். மச்சாள் முன்னால், நாங்கள் பின்னால். கதவுக்குப் பின்னே நீண்ட இருட்டு நடை. ஈரச் சுவரின் வாடை, நாயின் வாடை. சுவர்த்தாள் உரிந்து தொங்கியது. நடை முழுக்க வாளிகள், பானைகள், ஒரு குழந்தைக் குளியல் தொட்டி. எல்லாவற்றிலும் டொக் டொக்கென்று கூரையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மச்சாள் அவற்றைத் தங்கச் சிலைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"எவ்வளவு அழகான கூரை வேலைப்பாடு" என்றார்.

"கீழே பாருங்கள், வாளி நிறைந்துவிட்டது" என்றார் அம்மாள். "அதைக் கொண்டுபோய் அந்த ஜன்னலுக்கு வெளியே ஊற்றுங்கள். குடும்பம் என்றால் வாளி தூக்க வேண்டும். என் அப்பா தூக்கினார், என் கணவர் தூக்கினார். இப்போது நீங்கள்."

நாங்கள் மூன்று பேரும் வாளி தூக்கினோம். வேறென்ன செய்வது? பாட்டனாரின் பாட்டனார் கட்டிய வீடாயிற்றே.

வாளிகள் முடிந்ததும் அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு என்ன தொழில்?"

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். விமானி வரப்போகிறார் என்று நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"கேட்டதற்குக் காரணம் இருக்கிறது" என்று அம்மாளே தொடர்ந்தார். "நிலவறையில் தண்ணீர் நிற்கிறது. பம்பு ஓடவில்லை. ஆளைக் கூப்பிட்டால் வருகிறேன் என்கிறான், வருவதில்லை."

இவர் முகம் மாறிப்போனது. "என்ன பம்பு? தண்ணிக்குள்ளை நிக்கிறதா, மேலே நிக்கிறதா?" என்று பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கேட்டார். அந்த அம்மாளிடம் அவர் சொன்ன முதல் உண்மை அதற்கு அடுத்து வந்தது. "நான் பம்பு எஞ்சினியர்."

"பார்த்தீர்களா, குடும்பத்தில் இப்படி ஓர் ஆள் இருக்க வேண்டும்" என்றார் அம்மாள். தன் இறந்துபோன கணவரின் ரப்பர் பூட்ஸைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு அளவு பெரியது. அதை மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்கோடு, நிலவறைப் படிகளில் இவர் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கிப் போனார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அம்மாள் என்னைத் தேநீர்க் கடைக்கு அனுப்பினார். கோப்பை கழுவுகிற பெண் அன்றைக்கு வரவில்லையாம். அங்கே கேக் செய்துகொண்டிருந்த குண்டு அம்மா, "நீங்கள்தான் அந்த உறவினரா? ரொம்ப நல்லது" என்று சொல்லி ஒரு ஏப்ரனை என் தலைவழியாக மாட்டிவிட்டார். மாளிகைகளின் தேநீர்க் கடையில் ஒரு வாரமாக உட்கார்ந்து ஸ்கோனும் ஜாமும் சாப்பிட்டதற்கு எல்லாம் சேர்த்துக் கழுவினேன். வீட்டில் பாத்திரம் கழுவ இயந்திரம் இருக்கிறது. இங்கே கல் தொட்டியில், பூப்போட்ட கோப்பைகளைக் காது உடையாமல் கழுவ வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சூடான கேக்கின் ஓரத்தை வெட்டும்போதெல்லாம் அந்த அம்மா ஒரு துண்டை என் வாயிலேயே வைத்துவிட்டார்.

மழை விட்டபோது பர்மிங்காமிலிருந்து ஒரு பேருந்து வந்து நின்றது. ஓய்வூதியக்காரர்கள் கூட்டமாக இறங்கினார்கள். நான் ஒரு கோப்பைத் தேநீரை எடுத்துக்கொண்டு மச்சாளைத் தேடிப் போனேன். அவருக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு அறையில் இருந்தார். காதுக்கருவி முதியவர் சாப்பிடப் போய்விட, அந்த நாற்காலியில் மச்சாள். மழைக்கோட்டைக் கழற்றிவிட்டிருந்தார். சேலைக்கு மேலே கழுத்தில் அட்டை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கூட்டம். மேசை எந்த மரம், தட்டுகள் எங்கே செய்தவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியான தகவல்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்காகத்தானே வாழ்நாள் முழுக்கப் படித்தார்.

அப்போது ஊதாத் தொப்பி போட்ட ஒரு பெண் கேட்டாள். "படத்தில் இருப்பவர் யார்? ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறார்?"

மச்சாள் படத்தை ஏறிட்டுப் பார்த்தார். படத்தின் கீழே எழுதியிருந்த பெயரை மட்டும் சொல்லியிருக்கலாம். கேக் நன்றாக இல்லையென்றால் உடனே சொல்லிவிடுகிறவர் அவர். நான் தேநீரோடு கதவோரம் நின்றேன்.

"அவர் இலங்கைக்குப் போனவர்" என்று தொடங்கினார் மச்சாள். "யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டு விரும்பினார். அவளுக்காகத் தமிழ் படித்தார். பலாப்பழம் என்றால் உயிர். மாலை நேரத்தில் அவளோடு கடற்கரையில் நடப்பார். ஊரே பார்க்கும். பிறகு தாய்க்குச் சுகமில்லை என்று தகவல் வந்து, கப்பல் ஏறினார். திரும்பிப் போக விடவில்லை. இந்தப் படம் அதற்குப் பிறகு வரைந்தது. அதனால்தான் அந்தப் பார்வை."

ஊதாத் தொப்பிப் பெண் கைக்குட்டையை எடுத்தாள். அவள் கணவன், "கேவலமான குடும்பம்" என்று பொதுவாகத் திட்டினான். யாரோ ஒருவர், "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டார்.

"காத்திருந்தாள்" என்றார் மச்சாள். ஒரே சொல்.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வீட்டுக்கார அம்மாள் நின்றுகொண்டிருந்தார். முதலிலிருந்தே கேட்டிருக்கிறார். உதட்டில் விரலை வைத்து, என்னையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

மாலையில் கூட்டம் கலைந்ததும் அந்த வீட்டின் குசினியில் உட்கார்ந்தோம். இவர் முழங்கால் வரை சேறு. கீழேயிருந்து பம்பு ஓடும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு ரசிப்பதற்காகவே யாரையும் பேசவிடாமல் கையை உயர்த்திக்கொண்டிருந்தார். உறிஞ்சும் குழாயில் யாரோ ஒரு பாத்திரம் துடைக்கும் துணியைச் சிக்கவிட்டிருந்தார்களாம். அம்மாள் எங்கள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். பெரிய கேக் துண்டுகளை வெட்டி வைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தைப் பற்றிக் குடும்பத்தார் சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார். "அவர் இலங்கைக்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. படகில் ஆறு கடந்தாலே வாந்தி எடுக்கிறவர். வாழ்நாள் முழுக்க இங்கேயே பன்றி வளர்த்தார். கல்யாணம் செய்யவில்லை. பிள்ளைகளும் இல்லை."

பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மூக்கு?" என்றார் இவர், கடைசிக் கிளையைப் பிடிக்கிறவரைப் போல.

"அதுவா? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அண்ணன் அந்தப் படத்தின் மேல் ஆப்பிள் எறிந்து மூக்கைக் கிழித்துவிட்டான். அப்பா ஒரு ஓவியரை வரவழைத்துச் சரிசெய்தார். பழைய மூக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு இறைச்சி கொண்டுவந்த கடைக்காரரை நிற்க வைத்து அவர் மூக்கைப் பார்த்து வரைந்தார். உங்களுக்கு இந்த ஊரில் உறவு இருந்தால், அது கீழே கசாப்புக் கடையில்தான் இருக்கும்."

எனக்கு அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கேக் புரையேறியது.

"அப்படியென்றால் முதலிலேயே தெரியுமா?" என்று இவர் கேட்டார்.

"உங்கள் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பினேனே, அதற்கு முன்பே தெரியும். வாளி தூக்க ஆளில்லை, நிலவறையில் தண்ணீர் இருந்தது. பம்பு ஓடும்வரை நீங்கள் எனக்குச் சொந்தக்காரராக இருப்பதே நல்லது என்று பட்டது."

என் கணவரை ஒருவர் ஏமாற்றி நான் பார்த்தது அன்றுதான். அவர் எழுந்து, சேற்றுக் காலோடு நின்று, அந்த அம்மாளுக்குக் கைகூப்பினார். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

மச்சாள் நிலைதான் பாவம். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. கயிற்றைக் கழற்றினீர்கள், அதனால்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கி முடிக்க முடியாமல் நிறுத்தினார்.

அம்மாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "இங்கே வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், கழிப்பறை எங்கே என்று. இந்த வீட்டுக் கூரை வேலைப்பாட்டைப் பார்த்து மூச்சடைத்து நின்ற முதல் ஆள் நீங்கள். அதுவும் வாளி தூக்கிக்கொண்டு. சனிக்கிழமைகளில் வர முடியுமா? சாப்பாட்டு அறைக்கு ஆள் தேவை."

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "வாறன்" என்றார் தமிழில். பிறகுதான் ஆங்கிலம் நினைவுக்கு வந்தது.

காரில் திரும்பினோம், மச்சாள்தான் ஓட்டினார். நெடுஞ்சாலை ஏறியதும் இவர் மெல்லத் தொடங்கினார். "அக்கா, பலாப்பழம் என்னெண்டு வந்தது?"

"பேசாமல் இரு."

"கடற்கரை சரி. காத்திருந்தாள் எண்டு சொன்னீங்களாம். இவ சொன்னவ."

"தம்பி, இறக்கி விட்டிடுவன். நடந்துதான் வருவாய்."

ஆனால் கண்ணாடியில் மச்சாள் சிரிப்பதை நான் பார்த்தேன்.

நாங்கள் சிட்னிக்குத் திரும்பிவிட்டோம். மச்சாள் கோடை முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போனார். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்பது அவர் போட்ட நிபந்தனை. அம்மாளும் ஒப்புக்கொண்டார். அதில்தான் சிக்கல் வந்தது. பர்மிங்காம்காரர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல, அவர்களுடைய நண்பர்கள் அந்தக் காதல் கதையைக் கேட்பதற்கென்றே வரத் தொடங்கினார்கள். மச்சாள், "அப்படி எதுவும் இல்லை, அவர் பன்றி வளர்த்தவர்" என்று எவ்வளவு சொன்னாலும் யாரும் நம்புவதில்லையாம். குடும்பத்து மானத்தைக் காப்பாற்ற மறைக்கிறார் என்று பரிதாபமாகப் பார்க்கிறார்களாம். போதாதற்கு அந்த அம்மாள் பின்னால் நின்று பெருமூச்சு விடுவாராம்.

இங்கே இவருக்கும் வேலை கூடியது. பம்பு நின்றால் அம்மாள் வீடியோவில் கூப்பிடுவார். அவருக்குக் காலை, எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். இடியாப்பத்தைப் பிசைந்த கையோடு இவர், "இடதுபக்கம், இடதுபக்கம், அந்தச் சிவப்புக் கைப்பிடி" என்று கத்துவார். போனில் இருட்டும் தண்ணீரும் அம்மாளின் பூட்ஸும் மட்டும்தான் தெரியும்.

போன மாதம் இங்கே மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, எங்களுக்கு முகம் மட்டும் தெரிந்த ஓர் அங்கிள் எதிரே வந்து உட்கார்ந்தார். இங்கிலாந்தில் மகளிடம் இருந்துவிட்டு வந்திருந்தார். வாய் ஓயவில்லை.

"ஒரு அரண்மனைக்குப் போனனாங்கள். அங்கை ஒரு வெள்ளைக்காரத் துரையின்ர படம். அவர் எங்கட யாழ்ப்பாணத்துப் பொம்பிளையைக் கட்டினவராம்! மகளின்ர பக்கத்து வீட்டு மனிசி சொன்னவ. உங்களுக்குத் தெரியுமே?"

"அப்பிடியே?" என்றார் என் கணவர், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் குனிந்து அப்பளத்தை உடைத்தேன்.

"அங்கை நிண்ட எங்கட தமிழ் மனிசி ஒண்டும் தெரியாத மாதிரி மறைச்சுப் போட்டுது. ஆனால் எனக்குத் தெரியும்." அங்கிள் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "வெளியிலை சொல்லிப்போடாதையுங்கோ. அந்தப் பொம்பிளை எங்கட ஊர். எங்கட கொப்பாட்டாவின்ர சகோதரி. வீட்டிலை இந்தக் கதையைச் சின்னனிலேயே கேட்டிருக்கிறன்."

என் கணவரின் கை வாழையிலையிலேயே நின்றுவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, பதில் கேட்கிற பார்வை.

அங்கிளுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லிப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன்.